ஹெவி லைசென்ஸ் தேதி போய்விட்டதா? மறுபடி லாரியில் ஏறும்வரை செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் லாரி ஓட்டுகிறவர்களில் பலருக்கு லைசென்ஸ் தேதி போன விஷயம் தெரிவதே செக்போஸ்ட்டில்தான். இல்லையென்றால் வேலை கேட்டுப் போன லாரி ஆபீஸில். மேனேஜர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, டி.ஆர். தேதி போயிருச்சே" என்பார். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆளும் அந்த ஒரு சொல்லில் நின்றுபோவார். நானும் ஒருமுறை அப்படி நின்றவன்தான். அதற்கப்புறம் கூட ஓட்டும் பையன்கள் பலரைக் கூட்டிக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன். இது சரிசெய்யக்கூடிய விஷயம். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் தவறினால் சில நாளில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுக்கும். முதல் தடவை இதில் மாட்டியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

எந்தத் தேதி போயிருக்கிறது என்று பாருங்கள்

அட்டையை வெளியே எடுங்கள். அதில் இரண்டு தேதி இருக்கும். என்.டி. என்று போட்டிருப்பது நான்-டிரான்ஸ்போர்ட், அதாவது சொந்த பைக், சொந்த கார் ஓட்டுவதற்கானது. டி.ஆர். என்பது டிரான்ஸ்போர்ட், வாடகைக்கும் லோடுக்கும் ஓடும் வண்டிகளுக்கானது. லாரிக்காரருக்கு டி.ஆர். தேதிதான் கணக்கு.

குழப்பம் வருவது இங்கேதான். முப்பது வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவருக்கு என்.டி. தேதி நாற்பது வயது வரை ஓடும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எடுத்தால் பத்து வருஷம். டி.ஆர். அப்படி இல்லை. முன்பு மூன்று வருஷம்தான் கொடுத்தார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு ஐந்து வருஷம். ஆக ஒரே அட்டையில் பைக் ஓட்டும் உரிமை இன்னும் பல வருஷம் இருக்கும், லாரி ஓட்டும் உரிமை போன மாதமே முடிந்திருக்கும். மேலே தெரியும் நீளமான தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் நிறையப் பேர்.

என்.டி. தேதி உயிரோடு இருந்து, அட்டையில் எல்.எம்.வி. (கார் மாதிரி இலகுரக வண்டி) வகையும் இருந்தால் ஒரு வழி திறந்திருக்கிறது. லோடோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிகளை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கேஸ், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்குக்கு இது பொருந்தாது. ஹெவி திரும்பி வரும்வரை வீட்டுச் செலவுக்குக் குட்டி யானை ஓட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. வண்டி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் மொத்த எடையைப் பார்த்துவிட்டு, ஓனரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் நாளை எண்ணுங்கள்

டி.ஆர். தேதி முடிந்து இன்றோடு எத்தனை நாள்? இதை வைத்துத்தான் உங்கள் பாதை பிரிகிறது. தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமலே புதுப்பித்துக் கொடுப்பார்கள். ஒரு வருஷம் தாண்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். 2019-க்கு முன்னால் இந்த ஒரு வருஷம் என்பது ஐந்து வருஷமாக இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்த ஐந்து வருஷத்தை நம்பிச் சொல்வார்கள். கேட்டு ஏமாறாதீர்கள்.

அதே மாதிரி இன்னொரு பழைய நம்பிக்கை, "தேதி முடிஞ்சாலும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்பது. முன்பு சட்டத்தில் அப்படி முப்பது நாள் சலுகை உண்மையாகவே இருந்தது. அதே திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது தேதி முடிந்த மறுநாள் லாரியில் ஏறினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு. ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் தனியாக 5,000.

அபராதம்கூடச் சின்ன விஷயம். நான் பயப்படுவது விபத்துக்கு. தேதி முடிந்த லைசென்ஸோடு ஓட்டும்போது யாராவது அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகக் காட்டும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் வண்டி ஓனரிடம் வசூல் செய்துகொள் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. ஒற்றை வண்டி வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓனர் அதோடு வண்டியை விற்க வேண்டியதுதான்.

தேதி முடிந்தபின் புதுப்பித்தால் புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்துதான் தொடங்கும். நடுவில் விட்ட நாள்களை அது பின்னால் போய் மூடாது. அந்த இடைவெளியில் ஓட்டியது ஓட்டியதாகவே நிற்கும். ஆகவே விஷயம் தெரிந்த அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓனருக்கு போன் போட்டு மாற்று டிரைவரைக் கேளுங்கள். திட்டு விழும். விழட்டும்.

மெடிக்கல்: இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள்

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸைப் புதுப்பிக்க வயது எதுவானாலும் மருத்துவச் சான்று வேண்டும். சொந்தக் கார் ஓட்டுகிறவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் அது தேவை, லாரிக்காரருக்கு இருபத்தைந்து வயதிலும் தேவை. இரண்டு தாள்கள் உண்டு. ஃபார்ம் 1 என்பது உங்கள் உடல்நிலை பற்றி நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுவது. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா, கை காலில் குறை உண்டா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று கேட்டிருப்பார்கள். ஃபார்ம் 1ஏ மருத்துவர் உங்களைப் பரிசோதித்துவிட்டுத் தருவது. அதில் உங்கள் போட்டோ, மருத்துவரின் கையெழுத்து, சீல், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் கொடுக்கும் சான்றை உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் ஏற்றுக்கொள்கிறார்களா? லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் சாரதி இணையதளத்தில் அவரே நேரடியாகச் சான்றை ஏற்றும் வசதி வைத்திருக்கிறாரா? பதிவு பெற்ற மருத்துவர் ஏற்றிவிட்டால் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, அழிந்த சீல் என்று திருப்பியும் அனுப்ப மாட்டார்கள்.

இப்போது கண். ஃபார்மில் கேட்பது இதுதான்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு படிக்கலாம். மருத்துவரிடம் போகும் முன் இதை நீங்களே பார்த்துவிடலாம். லாரி நிறுத்தும் இடத்தில் ஒரு கார் நிற்கட்டும். அதன் பின்பக்கத்திலிருந்து சாதாரண நடையில் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு காலடி எடுத்து வையுங்கள். பெரிய லாரி இரண்டு நீளத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அங்கே திரும்பி நின்று ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். பிறகு மற்ற கண். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு படித்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. வலது கண்ணில் எல்லா எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. அதை மூடியதும் 3 எது, 8 எது என்று பிரியவில்லை. அந்த இடது கண்ணோடு எத்தனை நாள் ராத்திரி ஓட்டம் ஓடியிருக்கிறேன் என்று நினைத்து அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

எண் பிரியவில்லையென்றால் நேராகச் சான்று வாங்கப் போகாதீர்கள். கண் பரிசோதனை செய்துகொண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு அப்புறம் போங்கள். ஆனால் கண்ணாடிக் கடைக்கு முன்னால் சர்க்கரையைப் பாருங்கள், இந்த வரிசை முக்கியம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணின் பவர் தற்காலிகமாக மாறும். அந்த நேரத்தில் அளவெடுத்துப் போட்ட கண்ணாடி, மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கியதும் பொருந்தாமல் போகும். கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு இரண்டாவது தடவை காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது நீரிழிவுக்கான அறிகுறி. ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவுக்கு மேலேயே நிற்கிறது என்றால் மருத்துவம் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து இந்த இரண்டு நோய்க்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நாம் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் வாங்கி வைக்க முடிகிறதா என்று கேட்டு வையுங்கள்.

நிறத்துக்கு ஒரு சோதனை உண்டு. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். லேசான, நடுத்தரமான குறைக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று 2020-ல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதனால் பயந்துகொண்டு மறைக்க வேண்டாம். எந்த அளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும்.

மெடிக்கலுக்குப் போகும் முந்தைய ராத்திரி வீட்டில் தூங்குங்கள். விடிய விடிய ஓட்டிவிட்டு, கண் சிவந்து, இரண்டு டீயைக் குடித்துவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தால் பிரஷர் ஏறித்தான் காட்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். பிரஷர் பார்க்கக் கையில் பெல்ட்டைக் கட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார வேண்டும், பேச்சும் கூடாது. முதல் தடவை அதிகமாக வந்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நல்ல மருத்துவர் மறுக்க மாட்டார்.

ஆளைப் பார்க்காமலே சீல் குத்தித் தரும் இடங்களும் இருக்கின்றன. காசு கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் தாள் கையில் வந்துவிடும். ஒரு தடவை நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்கி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த புதுப்பிப்புக்கு ஒரு அம்மா டாக்டரிடம் போனேன். உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, பாதத்தில் பஞ்சால் தொட்டு, "தெரியுதாப்பா?" என்று கேட்டார். இடது பாதத்தின் நுனி விரல்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளட்ச் மிதிக்கும் கால். சர்க்கரை எப்போதோ வந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவர் சான்று கொடுக்கவில்லை. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். கோபமாக வெளியே வந்தேன். இப்போது அவரை நினைக்காத நாள் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்து வருஷத்தில் உடம்பை யாராவது தொட்டுப் பார்ப்பது இந்த ஒரு நாள்தான். அதையும் விற்றுவிடாதீர்கள்.

கண்புரை இருக்கிறது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அறுவை செய்துகொண்டு, ஓட்டலாம் என்று கண் மருத்துவர் சொன்னபிறகு சான்று வாங்கலாம். வலிப்போ காரணம் தெரியாத மயக்கமோ வந்திருந்தால் கதை வேறு. ஃபார்ம் 1-ல் இல்லை என்று எழுதிவிட்டு நாற்பது டன் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

சாரதியில் விண்ணப்பம்

விண்ணப்பம் பரிவாஹன் இணையதளத்துக்குள் இருக்கும் சாரதி பக்கத்தில். தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் உங்கள் விவரம் வரும். புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்து, கேட்கிற தாள்களை ஏற்றி, பணம் கட்டினால் ஒப்புகைச் சீட்டு வரும். போனிலேயே செய்யலாம். பழக்கம் இல்லாதவர் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம்.

விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, போன் எண். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகும், அந்த சிம் எப்போதோ தொலைந்திருக்கும். முதலில் எண்ணை மாற்றுங்கள். இரண்டு, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், லைசென்ஸில் முன்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பிறந்த தேதியும் சில பேருக்கு ஒத்துப்போகாது. பணம் கட்டும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். மூன்றாவது, பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். எண்ணைப் போட்டால் விவரமே வராது. அப்போது அந்த லைசென்ஸைக் கொடுத்த ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய்ப் பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதற்கு நாள் ஆகும் என்பதால் உங்களுடையது புத்தகமாக இருந்தால் இந்த வேலையை மெடிக்கலுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை மத்திய விதிப்படி புதுப்பிக்க 200 ரூபாய். காலக்கெடு தாண்டினால் 300. அதோடு தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும், அரைகுறை வருஷமாக இருந்தாலும், 1,000 ரூபாய் கூடும். டெஸ்ட் உண்டென்றால் அதற்கு 300. அட்டைக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணமும் சேர்ந்து மொத்தத் தொகை திரையில் வரும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் புரோக்கர் ஐந்தாயிரம், எட்டாயிரம் என்று ஆரம்பிக்கும்போது உண்மையான தொகை உங்கள் கையில் இருக்கும்.

ஆபீஸுக்குப் போகும் நாள்

ஒப்புகைச் சீட்டில் நேரில் வரச் சொல்லித் தேதி இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். அசல் லைசென்ஸ், ஃபார்ம் 1, ஃபார்ம் 1ஏ, முகவரிச் சான்று, பணம் கட்டிய ரசீது, இரண்டு போட்டோ ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் கையெழுத்தும் அங்கே எடுப்பார்கள். கண்ணாடி போட்டுத்தான் ஓட்டுவேன் என்பவர் மெடிக்கலில் போட்டிருந்த அதே கண்ணாடியோடு போங்கள். வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் இதோடு சேர்த்துச் செய்துவிடுங்கள். காரணம் கடைசியில் வரும்.

ஒரு வருஷம் தாண்டியவர்களுக்கு டெஸ்ட்

வெளிநாட்டில் இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவர்களும் உண்டு. வெளிநாட்டு லைசென்ஸ் கையில் இருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் ஓட்டிக் காட்டத் தயாராகவே போங்கள்.

டெஸ்டுக்கு அந்த வகை வண்டியை நாம்தான் கொண்டு போக வேண்டும். ஓனர் லாரியைக் கொடுத்தால் நல்லது. அதற்கு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டித் தாள் ஒன்று காலாவதி என்றால் டெஸ்ட் தொடங்காமலே திரும்பி வர வேண்டியதுதான். இன்னொன்று, உங்களுக்கு இப்போது லைசென்ஸ் இல்லை. ஆகவே மைதானம் வரை வேறு ஒருவர் ஓட்டி வரட்டும். லாரி கிடைக்காதவர்கள் ஹெவி சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூலில் பேசினால் வண்டியோடு வருவார்கள். அவர்கள் வண்டியின் கிளட்சும் கியரும் நமக்குப் புதுசாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே இரண்டு மூன்று நாள் அதில் பழகிக்கொள்ளுங்கள்.

இதில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் பழைய டிரைவர்கள். வண்டி ஓட்டத் தெரியாமல் தோற்பதில்லை, பழக்கத்தால் தோற்கிறார்கள். ஏறியதும் ஒரு முழங்கை ஜன்னலுக்குப் போய்விடும். சீட் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் தோளைத் திருப்பிக் கிளீனர் குரலுக்குக் காத்திருப்பார்கள். இறக்கத்தில் கை தானாகவே நியூட்ரலுக்குப் போகும். டீசல் மிச்சம் பிடிக்கப் பழகிய கை அது. அங்கே அது தவறு, ரோட்டிலும் தவறு. கியரில் இல்லாத வண்டியை இறக்கத்தில் பிரேக் மட்டும் தாங்காது, டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

நான் கூட்டிப் போகிற பையன்களுக்கு ஏறியதிலிருந்து இப்படித்தான் சொல்லுவேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயரைப் பார். ஏறி சீட்டைச் சரிசெய், இரண்டு பக்கக் கண்ணாடியையும் திருப்பி வை, பெல்ட் போடு. ஹேண்ட் பிரேக் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய். ஏர் பிரஷர் முள் ஏறி, எச்சரிக்கைச் சத்தம் நிற்கும்வரை வண்டியை நகர்த்தாதே. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து "எடுப்பா" என்று அவசரப்படுத்தினாலும், "சார், பிரஷர் ஏறட்டும்" என்று சொல். அப்படிச் சொன்னதற்காக யாரையும் ஃபெயில் போட்டு நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது இண்டிகேட்டர், கண்ணாடி, அப்புறம்தான் கிளட்ச். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, கிளட்ச் பிடிக்கும் இடம் தெரிந்தபின் விடு. வண்டி ஒரு சாண் பின்னால் வந்தாலும் பார்ப்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது நடைவேகத்துக்கு மேல் போகாதே. சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறு.

தேறவில்லையென்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். முதல் தடவையில் எங்கே தவறியது என்று இன்ஸ்பெக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்லுவார்கள்.

டேங்கர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க

நாமக்கல் பக்கத்து கேஸ் டேங்கர், பெட்ரோல், ஆசிட் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆபத்தான சரக்குக்கான அனுமதி லைசென்ஸில் தனியாக இருக்கும். அதன் காலம் ஐந்து வருஷம் இல்லை, மூன்று வருஷம்தான். புதுப்பிக்க ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி முடித்த சான்றும் சேர வேண்டும். பயிற்சிக்கு இடம் கிடைக்க நாள் ஆகலாம் என்பதால் மெடிக்கல் எடுக்கும் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். இந்தச் சான்று இல்லாமல் ஹெவியை மட்டும் புதுப்பித்துக்கொண்டு லோடு ஏற்றும் பிளாண்ட் வாசலுக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள்.

அட்டை வரும்வரை, வந்த பிறகும்

தமிழ்நாட்டில் 2024-லிருந்து புது அட்டையை ஆபீஸில் கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முகவரியைச் சரிசெய்யுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். வீடு பூட்டியிருந்தாலோ முகவரி தவறாக இருந்தாலோ அட்டை திரும்பிப் போய்விடும். டிரிப்பில் இருப்பவர் வீட்டில் சொல்லி வையுங்கள்.

புதுப்பிப்பு ஒப்புதலானதும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ புதுத் தேதியோடு லைசென்ஸ் தெரியும். அதைக் காட்டினால் சோதனையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே புதுத் தேதி தெரியும்வரை, பணம் கட்டிய ரசீதை நம்பி வண்டியில் ஏறாதீர்கள். ரசீது லைசென்ஸ் ஆகாது.

அட்டை வந்ததும் உறையைக் கிழித்த கையோடு மூன்றைப் பாருங்கள்: டி.ஆர். தேதி, பெயர், பிறகு வண்டி வகைகள். முன்பு இருந்த ஹெவி வகை புது அட்டையில் விடுபட்டு, வெறும் எல்.எம்.வி.யோடு வந்த அட்டையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பழைய அட்டையின் நகலோடு அன்றைக்கே ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஓனருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.